நம் பக்கத்து ஊர் யுத்தம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் போனில் சொன்னார்: "சார், நீங்க எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடுங்க." ஆகவே யுத்தத்தைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தேன். பசியோடு இருப்பவர்களுக்கு யுத்தம் நன்றாகப் புரியும். நான் சொல்லப்போகும் யுத்தமும் பசியால்தான் தீர்மானிக்கப்பட்டது.

இந்த விஷயம் என் தலைக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் குடும்பம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கிறது. பேரன் ஏழாவது படிக்கிறான். அந்த மாநிலத்தில் ஏழாம் வகுப்புக்கு டெக்சஸ் சரித்திரம் என்று தனிப் பாடமே உண்டு. நான் போயிருந்தபோது அவன் எனக்கு அதை ஒப்பித்துக் காட்டினான். மெக்சிகோவிடமிருந்து பிரிந்து போக டெக்சஸ்காரர்கள் நடத்திய போர். 1835 அக்டோபரில் கொன்சாலெஸ் என்ற ஊரில் ஒரு சின்ன பீரங்கிக்காக முதல் சண்டை. 1836 பிப்ரவரி, மார்ச்சில் அலமோ என்ற பழைய தேவாலயத்தில் 13 நாள் முற்றுகை. மார்ச் 6-ம் தேதி உள்ளே இருந்து போரிட்டவர்கள் அனேகமாக எல்லோரும் மடிந்தார்கள். ஏப்ரல் 21-ல் சான் ஹசின்டோ. சண்டை 18 நிமிஷத்தில் முடிந்ததாம்! அடுத்த நாள் மெக்சிகோவின் தளபதி சான்டா அனா பிடிபட்டார். அந்த இடத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். 170 மீட்டருக்கு மேல் உயரம் உள்ள ஸ்தூபி. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

அப்போதுதான் பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க ஊர்ல இந்த மாதிரி ஃபைட் நடந்திருக்கா?"

நான் யோசிக்காமல், "அதெல்லாம் பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கைப் பக்கம்பா. நம்ம ஊர்ல ஃபேக்டரிதான்" என்றேன்.

ஊருக்குத் திரும்பி வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகு, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாம் தினமும் போய்வரும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போனால், காஞ்சிபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் புள்ளலூர் என்று ஒரு கிராமம். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை பட்ட தோல்விகளில் மிக மோசமானது என்று அவர்களே எழுதிவைத்த தோல்வி அங்கேதான் நடந்தது. தேதி 1780 செப்டம்பர் 10. அலமோவுக்கு 56 வருஷம் முன்பு.

கதை 11 வருஷம் முன்னால் நம் வாசலிலேயே ஆரம்பிக்கிறது. மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் நடந்த முதல் யுத்தம். 1769-ம் வருஷம் ஹைதர் தன் பெரிய படையை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, சுமார் 6,000 குதிரைவீரர்களோடு சுமார் 130 மைலை மூன்றரை நாளில் கடந்து பறங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த கும்பினியாருக்குக் கை கால் ஓடவில்லை. ஏப்ரலில் ஹைதர் சொன்னபடி உடன்படிக்கை ஆயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது.

கொஞ்ச நாளிலேயே மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கும்பினி வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைவிட்டவனை ஹைதர் மறக்கவில்லை. 1779-ல் பிரெஞ்சுக்காரர்களின் மாஹே துறைமுகத்தைக் கும்பினி பிடித்துக்கொண்டது. ஹைதருக்கு ஆயுதம் வந்திறங்கும் வழி அதுதான். பொறுமை போயிற்று. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாகச் சுமார் 80,000 பேர் கொண்ட படை தமிழ்நாட்டுக்குள் இறங்கியது. ஆர்க்காட்டை முற்றுகையிட்டது.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். கும்பினிக்கு அப்போது இரண்டு படைகள். ஒன்று, சர் ஹெக்டர் மன்றோ தலைமையில் பறங்கிமலையில், 5,000-க்குச் சற்று மேல். இன்னொன்று, கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் குண்டூர் பக்கம், 3,000-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒன்று சேர வேண்டும். எங்கே சேருவது? மெட்ராஸ் பக்கத்திலேயே சேர்ந்துகொள்ளலாம், அதுதான் பத்திரம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மன்றோ கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் சேருவோம் என்றார்.

பெய்லி வடக்கேயிருந்து இறங்கி வந்து ஆகஸ்ட் 25-ம் தேதி கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் குறைவு. இறங்கிக் கடந்திருக்கலாம். சிப்பாய்கள் களைத்திருக்கிறார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே முகாம் போட்டார். ராத்திரி மேற்கே எங்கேயோ மழை. விடிந்து பார்த்தால் ஆறு கரை புரண்டு ஓடுகிறது! செப்டம்பர் முதல் வாரம் வரை அவரால் அக்கரைக்குப் போக முடியவில்லை.

நண்பர்களே, இந்தக் கொசஸ்தலை யார் தெரியுமா? நமக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பூண்டி ஏரி, 1944-ல் இந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டி உண்டாக்கியதுதான். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும். ஒரு ராத்திரியில் பொங்கும். பூண்டியில் மதகைத் திறந்தால் கரையோரம் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் தூக்கம் போய்விடும். அந்த ஆற்றின் குணத்தை நம்ம ஊர்ப் பாட்டி யாரையாவது கேட்டிருந்தால், "ராசா, தண்ணி இல்லாதப்பவே தாண்டிடு" என்று சொல்லியிருப்பாள். பெய்லி கேட்கவில்லை.

இதற்கிடையில் மன்றோ ஆகஸ்ட் 29-ம் தேதி காஞ்சிபுரம் வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் கையில் இருந்த அரிசி சில நாளைக்குத்தான். அக்கம்பக்கம் தேடித் தேடி நெல் சேர்த்துக் காஞ்சியில் பெரிய கோயிலில் குவித்து வைத்தார். அங்கேதான் அவருக்குக் கால்விலங்கு விழுந்தது. நெல்லை விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார். தூக்கிக்கொண்டு போக மாடுகள் இல்லை. அதனால் அசைய முடியவில்லை.

செப்டம்பர் 6-ம் தேதி, காஞ்சிக்குச் சுமார் 14 மைல் தூரத்தில், பேரம்பாக்கத்துப் பக்கம் திப்பு பெய்லியைத் தாக்கினார். திப்புவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நகர முடியவில்லை. "நான் வர முடியாது, நீங்கள் வாருங்கள்" என்று மன்றோவுக்குச் சேதி அனுப்பினார். இரண்டு படைக்கும் நடுவே 14 மைல்தான். அம்பத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற தூரம்கூட இல்லை. மன்றோ முழுப் படையோடு போகவில்லை. கர்னல் பிளெட்சரோடு சுமார் 1,000 பேரை ராத்திரியில் அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள் என்று பிளெட்சருக்குச் சந்தேகம். அவர்கள் காட்டிய வழியை விட்டு வேறு வழியாகப் போய்ப் பத்திரமாகச் சேர்ந்தார். சந்தேகம் சரியாகவே இருந்தது. இப்போது பெய்லியிடம் ஏறக்குறைய 3,800 பேர்.

9-ம் தேதி ராத்திரி புறப்பட்டார்கள். நடந்துகொண்டே இருந்திருந்தால் விடிவதற்குள் காஞ்சிக்கு மிகக் கிட்டே போயிருப்பார்கள். நடுவழியில் பெய்லி மறுபடி நிற்கச் சொன்னார். விடிந்த பிறகு போகலாம் என்றார். ஆற்றங்கரையில் செய்த அதே காரியம்! விடிந்தபோது புள்ளலூரில் திப்புவின் பீரங்கிகள் காத்திருந்தன. சற்று நேரத்தில் ஹைதரும் தன் பெரிய படையோடு வந்து சூழ்ந்துகொண்டார்.

அப்போது பாய்ந்தவைதான் மைசூர் ராக்கெட்டுகள். மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழாய். அதற்குள் வெடிமருந்து. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பாயும். ஐரோப்பாவில் அப்போது இப்படி இரும்புக் குழாயில் அடைத்த ராக்கெட் கிடையாது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதோடு அவருடைய பீரங்கிகள் வாய் மூடின. மிச்சம் இருந்தவர்கள் சதுரமாக அணிவகுத்து, குதிரைப்படை திரும்பத் திரும்ப மோதியும் தாங்கி நின்றார்கள். அந்தத் தைரியத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் காயம்பட்ட பெய்லி சரணடைந்தார். சரணடைந்த பிறகும் வெட்டு விழுந்தது. ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே விழுந்து பலரைக் காப்பாற்றினார்கள்.

மன்றோ? துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கொஞ்ச தூரம் வந்தார். விஷயம் தெரிந்ததும் காஞ்சிக்குத் திரும்பினார். கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பறங்கிமலைக்கே ஓடி வந்தார். அவர் காத்த நெல் அவருக்கும் உதவவில்லை, பெய்லிக்கும் உதவவில்லை.

ஆவடியில் டாங்கி கட்டுகிற நண்பர்களும், அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை நடத்துகிற நண்பர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு போல்ட் வந்து சேரவில்லை என்றால் முழு லைனும் நின்று போகும் என்பது உங்களுக்குத் தெரியும். மன்றோவிடம் பீரங்கி இருந்தது. அரிசி மூட்டையைத் தூக்க மாடு இல்லை. ஹைதரிடம் மாடும் இருந்தது, குதிரையும் இருந்தது, ஊர் ஊராகச் சேதி சொல்ல ஆளும் இருந்தது. புள்ளலூர் வெற்றியில் பாதி அந்த ராக்கெட்டுக்கு, மீதிப் பாதி மாட்டுக்கு என்று நான் சொல்வேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் என்ற வயதான தளபதி கப்பலில் வந்தார். 1781 ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். ஆகஸ்டில் நம்ம திருவள்ளூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருப்பாச்சூர் கோட்டையைப் பிடித்தார். ஆகஸ்ட் 27-ம் தேதி மறுபடியும் புள்ளலூர்! போன வருஷம் ஜெயித்த ராசியான இடம் என்று ஹைதர் அங்கேயே காத்திருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை யாருக்கும் முழு வெற்றி இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 27-ல் சோளிங்கரில் கூட் ஜெயித்தார். 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே திப்பு இன்னொரு கும்பினிப் படையை முழுசாகப் பிடித்தார். அதே வருஷம் டிசம்பர் 7-ல் சித்தூர் பக்கத்தில் முகாமில் இருந்த ஹைதர் நோயால் இறந்தார். நவம்பரில் பெய்லியும் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்து போயிருந்தார். 1784 மார்ச் 11, மங்களூர் உடன்படிக்கை. பிடித்ததையெல்லாம் அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு வருஷம் சண்டை போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள்.

முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. புள்ளலூரில் காயம்பட்டுப் பிடிபட்ட டேவிட் பெய்ர்டு என்ற இளம் அதிகாரி, மூன்று வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். அதே பெய்ர்டுதான் 1799 மே 4-ம் தேதி அந்தக் கோட்டைக்குள் புகுந்த படைக்கு முன்னால் போனவர். அன்றைக்குத் திப்பு இறந்தார். அங்கே கிடைத்த ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்கு எடுத்துப் போய் ஆராய்ந்தார்கள். வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். 1814-ல் ஆங்கிலேயர் அமெரிக்காவில் பால்டிமோர் கோட்டைமேல் அதைத்தான் ஏவினார்கள். அமெரிக்க தேசிய கீதத்தில் ஒரு ராக்கெட் வரும், அது இதுதான். இதைச் சொன்னதும் என் பேரனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! நாசாவின் வாலப்ஸ் தீவு தளத்தில் திப்புவின் ராக்கெட் படை ஓவியமாக மாட்டியிருந்ததைப் பார்த்ததாக அப்துல் கலாம் அவர்களும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இதோடு முடித்துக்கொண்டால் கைதட்டி அனுப்பிவிடுவீர்கள். ஆனால் பேரன் இன்னொரு கேள்வி கேட்டான். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "இதுல நாம யாரு தாத்தா? வின் பண்ணவங்களா, லாஸ் ஆனவங்களா?"

ஹைதர் பக்கம் என்று உடனே சொல்ல வாய் வந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்தவர் அல்லவா. கடைசி வரை கும்பினிக்கு அடங்காமல் நின்ற ராஜ்யம் அவருடையது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பெய்லியின் படையில் இருந்த 3,800 பேரில் ஐரோப்பியர்கள் சுமார் 500 பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமான நம்ம ஊர்ச் சிப்பாய்கள். மாசச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். அந்தப் பக்கம் ஹைதர் படையில்? கோயமுத்தூர், சேலம், திண்டுக்கல் எல்லாம் அப்போது மைசூர் ஆட்சியில். அந்தச் சீமைகளிலிருந்தும் ஆள் சேர்ந்தார்கள். ஆக, அன்று காலையில் புள்ளலூர் வயலில் இரண்டு பக்கமும் செத்தது பெரும்பாலும் நம்மவர்களே.

செத்தவர்களிலும் வித்தியாசம் உண்டு. பெய்லி படையில் இருந்த ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர். அதில் 36 பேர் இறந்தார்கள், 34 பேர் காயத்தோடு பிடிபட்டார்கள், 16 பேர் காயமில்லாமல் பிடிபட்டார்கள். கூட்டிப் பாருங்கள், 86 சரியாக வரும். ஒரு ஆள் விட்டுப்போகவில்லை. சிப்பாய்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அழிந்தார்கள், பிடிபட்டார்கள், சிதறினார்கள் என்று ஒரே வரி.

போரே போடாத ஜனங்கள் பட்டதற்கு அந்த ஒரு வரியும் இல்லை. ஹைதரின் படை மெட்ராஸைச் சுற்றிப் பெரிய வளையம் போட்டது போலக் கிராமங்களைக் கொளுத்தியது. எதிரிக்கு நெல் கிடைக்கக் கூடாது என்பது யுத்த தந்திரம். அந்த நெல் விவசாயியின் வயிற்றுக்கானது என்று எந்தத் தளபதி நினைத்துப் பார்த்தார்? செங்கல்பட்டுச் சீமை பாழாயிற்று. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மெட்ராஸுக்கு ஓடினார்கள். அங்கே பஞ்சம். 1782 அக்டோபரில் அடித்த புயலில், கரைக்கு எதிரே நின்ற கப்பல்களும் படகுகளும் அரிசியோடு மூழ்கின.

அந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற, 1782-ல் மெட்ராஸில் ஒரு இடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். அதோடு சேர்ந்து வளர்ந்த வைத்தியசாலைதான் பிற்காலத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். நம்மில் எத்தனையோ பேர் அங்கே பிறந்திருப்போம், அல்லது நம் வீட்டார் யாராவது அங்கே படுத்திருப்பார்கள். புள்ளலூர் யுத்தத்துக்கு இந்தப் பக்கத்தில் உண்மையான நினைவுச் சின்னம் எது என்று கேட்டால், நான் அந்தக் கஞ்சித்தொட்டியைத்தான் சொல்வேன்.

நினைவுச் சின்னம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் நானும் நம்ம பேட்ச் நண்பர் ஒருவரும் புள்ளலூர் போனோம். அங்கே இரண்டு ஸ்தூபிகள் இருக்கின்றன. கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு. இரண்டு பேரும் 1781 ஆகஸ்ட் 27-ல், இரண்டாவது சண்டையில் இறந்தவர்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம், "இது என்னங்க ஐயா?" என்று கேட்டோம். "வெள்ளைக்காரன் சமாதிங்க" என்றார். "இங்க சண்டை நடந்துதாமே?" "ஆமா, ஆமா. எங்க தாத்தா சொல்லுவாரு. எவன் எவனோ வந்து அடிச்சிக்கிட்டானுங்களாம். ஏரி தண்ணியெல்லாம் செவந்து போச்சாம்." அவ்வளவுதான். ஹைதர் பேரும் சொல்லவில்லை, திப்பு பேரும் சொல்லவில்லை.

ஜெயித்த திப்பு இந்தச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாக எழுத வைத்தார். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் வெடிமருந்து வெடிக்கும். நிறைய பேர் டூர் போய்ப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியின் இன்னொரு பழைய ஓவியம் 2022-ல் லண்டனில் 6 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனது. தோற்றவன் புள்ளலூரில் கல் நட்டான். ஜெயித்தவன் மாளிகையில் படம் எழுதினான். நடுவில் செத்தவனுக்குக் கல்லும் இல்லை, படமும் இல்லை.

புள்ளலூருக்கு இது முதல் யுத்தமும் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அவன் மகன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற ஊர்களில் ஒன்று, தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிற நம்ம மணிமங்கலம். வடக்கேயிருந்து காஞ்சிக்கு வருகிற பாதையில் இருப்பதால் இந்த மண்ணுக்கு ஆயிரம் வருஷமாக இதே தலையெழுத்து.

சரி, பேரனுக்கு என்ன பதில் சொன்னேன்? அவன் பாடப் புத்தகத்திலிருந்தே ஒரு ஆளை எடுத்தேன். அலமோவுக்குள் டெக்சஸ் பக்கம் நின்று செத்தவர்களில் கிரிகோரியோ எஸ்பார்சா என்று ஒருவர். பிறப்பால் மெக்சிகோக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான பிரான்சிஸ்கோ, வெளியே மெக்சிகோ படையைச் சேர்ந்தவர். சண்டை முடிந்ததும் பிரான்சிஸ்கோ அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிணக்குவியலில் தேடி, உடன்பிறந்தவரை எடுத்துப் புதைத்தார். மற்றவர்கள் உடல்களையெல்லாம் குவித்து எரித்துவிட்டார்கள். "அந்த ரெண்டு பேர்ல யாரு நம்ம ஆளு, சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு பேருமே பாவம் தாத்தா" என்றான். "புள்ளலூர்லயும் நாம அப்படித்தான்டா" என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். அவன் படிக்கும் அந்தச் சுதந்திரப் போரிலும் ஒரு கறை உண்டு. மெக்சிகோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்தது. 1836-ல் சுதந்திரம் வாங்கிய டெக்சஸ், தன் அரசியல் சட்டத்தில் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொண்டது. யாருக்குச் சுதந்திரம், யாருக்கு இல்லை என்று எந்த யுத்தத்திலும் கேட்கலாம். கேட்பதால் வீரம் குறைந்துவிடாது. ஹைதர், திப்புவின் வீரமும் நம் கிராமங்கள் எரிந்ததைச் சொல்வதால் குறையாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் சரித்திரம். ஒன்றை மட்டும் சொன்னால் அது மேடைப் பேச்சு.

நண்பர்களே, அமெரிக்காவில் அந்த 18 நிமிஷச் சண்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள். நமக்கு இங்கே ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஸ்தூபி கட்டச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கட்டினால் அதில் யார் பெயரைப் போடுவது என்று அதற்கொரு யுத்தம் வரும். நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த ஒன்றுகூடலுக்கு முதல் நாள், சங்கம் ஒரு பஸ் ஏற்பாடு செய்யட்டும். பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு போவோம். போகிற வழியில் கொசஸ்தலை ஆற்றைக் காட்டுவோம், பிறகு பேரம்பாக்கம், பிறகு புள்ளலூர். அந்த இரண்டு வெள்ளைக்கார ஸ்தூபிகள் முன்னால் ஒரு நிமிஷம் நிற்போம். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. பிறகு வயல் பக்கம் திரும்பி, பெயர் எழுதாமல் போனவர்களுக்காக இன்னொரு நிமிஷம் நிற்போம். திரும்பி வரும்போது காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிடலாம். மன்றோ மாதிரி சாப்பாட்டுக்காக அங்கேயே தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வர விருப்பமுள்ளவர்கள் வாசலில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயர் என் பேரனுடையது. லீவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.